நாற்பத்து மூன்றாவது ஸ்பேனர்

ஆகஸ்ட் 11, 2023. வெள்ளி

ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட். போர் விமானத்தை!

காலை ஆறரைக்குப் பூங்கா வாசலில் கால் வைத்தபோதே நெடி மூக்கில் ஏறியது. நகராட்சி ஆட்கள் நாலு பேர் வாளியும் தென்னந்துடைப்பமுமாக இறக்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சுதந்திர தினத்துக்குப் பளபளவென்று இருக்க வேண்டுமாம். மேற்பார்வையாளர் டீ குடித்தபடி நின்றார்.

"அலுமினியத்துல ஆசிட் பட்டா என்னாகுமுன்னு தெரியுமாய்யா?" என்று கத்தினேன்.

"புறா எச்சம் போக மாட்டேங்குதுங்க. வேற என்னதான் பண்றது?"

"சோப்புத் தண்ணியும் துணியும் எடுத்துக் கையால தொடைக்கோணும். இடுக்குல கையை உள்ள விட்டுத் தொடைக்கோணும். கையை உள்ள விடறதுக்குக் கூசுறவன் இந்த வேலைக்கு எதுக்கு வர்றான்?"

"நீங்க யாருங்க அதைக் கேக்கறதுக்கு?" என்றார்.

இருபத்து நாலு வருடமாக ஒரு நாள் தவறாமல் வருகிறேன். நான் யாராம்!

இந்த நோட்டு நாளைக்குப் பழைய பேப்பர்காரனிடம்தான் போகும். எடுத்துப் பிரிக்கிறவனாவது தெரிந்துகொள்ளட்டும். பெயர் சேமலையப்பன், வயது எழுபத்திரண்டு. விமானப்படையில் பதினைந்து வருடம் ஃபிட்டர். என்ஜினை விட்டால் விமானத்தின் உடம்பு முழுக்க எங்கள் வேலை. அப்புறம் இந்த ஊர் மில்லில் பராமரிப்பு மேற்பார்வை. பூங்காவில் நிற்பது நாட் ரகம், ஒற்றை ஆள் ஓட்டும் குட்டிப் போர் விமானம். அறுபத்தைந்திலும் எழுபத்தொன்றிலும் சண்டைக்குப் போன ரகம். வால் எண் 317. ஒன்பது மனு எழுதி 1999இல் இந்த ஊருக்கு அதைக் கொண்டுவந்தவன் நான். வேறு எண் தருகிறோம், உடனே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 317தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அன்றைய ஆணையர் என்னைக் கௌரவப் பராமரிப்பாளர் என்று போட்டு ஒரு கடிதம் கொடுத்தார். பைலட் உட்காரும் இடத்தின் மூடிக்குப் பூட்டு போட்டு, சாவியையும் என் கையில் கொடுத்தார். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மத்தியானம் வரை தண்ணீர் ஊற்றி அலசினேன். முதுகு போய்விட்டது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விமானத்தின் மூக்கில் வார்டு கவுன்சிலரின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்தார்கள். அறுத்துப் போட்டேன். கைகலப்பு ஆகவில்லை, ஆகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிரஷர் மாத்திரை இரண்டு.

ஆகஸ்ட் 21, திங்கள்

மனு கொடுக்கும் நாள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று ஆணையர் முன்னால் போனால், அந்த மனிதர் என் மனுவைப் பிரிக்கவே இல்லை. ஏற்கெனவே தீர்மானம் போட்டாயிற்றாம். விமானம் நிற்கும் சிமெண்ட் தூணில் விரிசல், இடது இறக்கை தொங்குகிறது, மழைக்காலத்தில் குழந்தைகள் தலையில் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்கிறார். அக்டோபர் 31க்குள் யாராவது பொறுப்பேற்றுச் சரிசெய்து கொடுத்தால் சரி, இல்லாவிட்டால் டெண்டர் விட்டு எடைக்குப் போட்டுவிடுவார்களாம்.

எடைக்கு! பித்தளைக் குடம் பாருங்கள், ஈயச் சொம்பு பாருங்கள், அந்த மாதிரி.

"இருபத்து நாலு வருஷமா அந்தத் தூணைப் பூசச் சொல்லி எத்தனை மனு கொடுத்திருக்கேன், தெரியுங்களா?" என்றேன்.

"ஃபைல்ல இல்லையே" என்றார்.

வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். பூவாத்தாள் எடுத்து மூடி வைத்தாள். ஐம்பது வருடமாகச் சம்சாரம் பண்ணுகிறவள். நான் கத்தினால் எதிர்த்துக் கத்துவதில்லை, அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

ஆகஸ்ட் 30, புதன்

பேப்பரில் செய்தி பார்த்துவிட்டு ஒரு அம்மாள் வந்தாள். பெயர் கோகிலவாணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் விமானத் துறைப் பட்டறைக்குப் பொறுப்பு. கல்லூரி தூணைக் கட்டிக் கொடுக்குமாம், அவளும் பட்டறை ஆட்கள் மூன்று பேரும் விமானத்தைச் சரிசெய்வார்களாம். ஆணையர் சம்மதித்துவிட்டாராம்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, பத்து நிமிடம்.

"எல்லா மூடியையும் கழட்டிப் பாத்தரலாங்க சார். உள்ள எவ்வளவு அரிச்சிருக்குன்னு தெரியோணுமில்லைங்களா" என்றாள்.

"உள்ள ஒண்ணும் இல்ல. வெளியில பண்ணுங்க போதும்."

"உள்ளிருந்துதாங்க சார் அரிக்கும்."

விமானத்தைப் பற்றி எனக்கே பாடம்! நான் 317இன் வயிற்றுக்குள் படுத்து வேலை செய்தபோது இவள் பிறந்திருக்கவே மாட்டாள். அப்படியே சொன்னேன். சிரித்துவிட்டு, "அதனாலதாங்க சார் நீங்க கூட இருக்கோணும்" என்றாள்.

சாவி கேட்டாள். கொடுத்தேன். சாவியோடு கோத்திருந்த பித்தளை வில்லையைத் திருப்பிப் பார்த்து, "58ன்னு போட்டிருக்குதே, என்னங்க சார் இது?" என்றாள்.

"பழைய சாமான்" என்று பிடுங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 4, திங்கள்

வேலை ஆரம்பம். முதல் நாளே ஒரு கூத்து. பட்டறை ஆட்கள் ஸ்பேனர், திருப்புளி எல்லாவற்றையும் கோணிப்பையில் போட்டு அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள், சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோவது போல. துருப்பிடித்த ஸ்க்ரூ கழட்டுவதில் கெட்டிக்காரர் என்று கமாலுதீன் என்ற டூவீலர் மெக்கானிக்கையும் கூட்டி வந்திருந்தார்கள். ஐம்பது வயது, அமைதியான ஆள். அவர் தன் கடை ஸ்பேனரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறுகிறார்!

எல்லாரையும் கீழே இறக்கினேன். விமானத்தில் எப்படி வேலை செய்வது என்று அரை மணி நேரம் கத்தினேன். ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் ஒரு ஆணி. ஒவ்வொரு ஆளுக்கும் எண் போட்ட டோக்கன். கருவியை எடுத்தால் அந்த ஆணியில் உன் டோக்கனை மாட்ட வேண்டும். சாயந்திரம் ஐந்து மணிக்கு எண்ணிக்கை. எண்ணிக்கை ஒத்துப்போகும் வரை எவனும் வீட்டுக்குப் போகக் கூடாது. சொந்தக் கருவி உள்ளே வரவே கூடாது. பழுது எதைக் கண்டாலும் கண்டவன் ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொரு ஆள் பார்த்துச் சரி என்று எழுதும் வரை அந்தச் சிவப்பு அப்படியே நிற்கும்.

"பறக்காத ஏரோப்ளேனுக்கு எதுக்குங்க சார் இதெல்லாம்?" என்று ஒருத்தன் முணுமுணுத்தான்.

"ஒரு ஸ்பேனர் உள்ள கெடந்தா ஒரு உசிரு" என்றேன். அப்புறம் ஏனோ தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

கோகிலவாணி எதிர்ப்பாள் என்று பார்த்தேன். மறுநாளே பலகை, ஆணி, டோக்கன் எல்லாம் செய்து கொண்டுவருகிறேன் என்கிறாள். மொத்தம் நாற்பத்து இரண்டு கருவி. எதிர்த்திருக்கலாம் அவள்.

செப்டம்பர் 8, வெள்ளி

புறாக் கூடு ஒரு மூட்டை எடுத்தோம். ஜெட் வாய்க்குள் சரக்கு பாட்டில் ஏழு. இறக்கையில் சாவியால் கீறிய காதலர் பெயர்கள் முப்பத்தொன்று. எவளையோ காதலிக்கிறவனுக்கு என் விமானம்தான் கிடைத்ததா?

செப்டம்பர் 13, புதன்

இன்றைக்குப் பூவாத்தாள் கேலண்டரைப் பார்த்து, "இன்னும் நாப்பது நாளுல ஆயுத பூஜைங்க. நாகர்கோயிலண்ணன் ஃபோன் பண்ணுவாரு. இந்த வருஷமாச்சும் எடுத்துப் பேசுங்க" என்றாள்.

"எனக்கு அவங்கூட என்ன பேச்சு?" என்றேன்.

தேவசகாயத்தைச் சொல்கிறாள். அவனும் நானும் ஒரே பேட்ச், ஒரே பிரிவு. வருடா வருடம் ஆயுத பூஜையன்று கூப்பிடுவான். செல்ஃபோன் வருவதற்கு முன்னால் இன்லேண்ட் லெட்டர் வரும். எப்போதும் ஒரே கேள்விதான்: "தட்டு முழுசா இருக்கா?" லெட்டரை வாசித்துக் கிழித்துப் போடுவேன். ஃபோனை எடுக்க மாட்டேன். நாற்பத்தொன்பது வருடமாக ஒருவன் இப்படிக் குத்திக் காட்டினால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

நடந்தது இவ்வளவுதான். 1974, வடக்கே ஒரு தளம். தேவசகாயம் அன்றைக்குக் கருவி அறைப் பொறுப்பு. எண்ணிக்கை சரி என்று அவன்தான் கையெழுத்துப் போட்டான். மறுநாள் காலை ஃபிளையிங் ஆபீசர் பிரார் என்ற இருபத்து மூன்று வயதுப் பையன் ஓட்டிக்கொண்டு போன விமானம் ஓடுபாதைக்கு அப்பால் விழுந்தது. பையன் போய்விட்டான். எண்ணிப் பார்த்தால் அரையிஞ்சு ஸ்பேனர் ஒன்று குறைகிறது. முந்தின நாள் காலையில் அந்த விமானத்தில் தேவசகாயமும் வேலை பார்த்திருந்தான். ஸ்பேனர் உள்ளே கிடந்து கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கியிருக்கலாம் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். எரிந்துபோன விமானத்தில் எதைத் தேடுவது? அவனை ஆறு மாதம் உள்ளே வைத்து வேலையை விட்டு அனுப்பினார்கள்.

என்னையும் விசாரணையில் கூப்பிட்டார்கள். முந்தின நாள் சாயந்திரம் கருவி எண்ணிக்கையில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றேன். ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்று சொன்னேன், அதில் என்ன தப்பு?

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி, வேலை இல்லை. ஆனாலும் போய்ப் பார்த்தேன். தூண் வேலை முடிந்துவிட்டது. நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

செப்டம்பர் 27, புதன்

அந்த அம்மாளோடு சண்டை. இறக்கை, வால், சக்கரக் குழி எல்லாம் முடிந்தது. மிச்சம் பைலட் இருக்கைக்குப் பின்னால் உள்ள சின்ன அறை ஒன்றுதான். குழாய்களும் கம்பிகளும் போகிற இடம். முழங்கை வரை கையை விட்டால்தான் அடிவரை எட்டும்.

"அது மூடியே இருக்கட்டும்" என்றேன்.

"அங்கதாங்க சார் தண்ணி தேங்கும். அந்த அடித்தகடு போச்சுன்னா விமானமே ரெண்டா மடங்கிரும்."

"ஸ்க்ரூ எல்லாம் இறுகிக் கெடக்குது. கழட்டுனா தகடு கிழிஞ்சுபோகும்."

"கமாலுதீன் பாய் கழட்டிருவாருங்க."

"நான் சொன்னா கேக்க மாட்டியா நீ?" என்று ஒருமையில் கத்திவிட்டேன். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கோகிலவாணி கையில் இருந்த துணியை மடித்து வைத்தாள். "அந்த அறையைப் பாக்காம நான் கையெழுத்துப் போட முடியாதுங்க சார். நீங்க வச்ச ரூல்தானுங்களே" என்றாள்.

அவள் கையெழுத்துப் போடவில்லை என்றால் ஆணையர் எடைக்குப் போடுவார். கையெழுத்துப் போட வேண்டுமென்றால் அந்த அறையைத் திறக்க வேண்டும். வீட்டுக்கு வந்து தண்ணீர் மோட்டார் சரியாக ஓடவில்லை என்று அதைக் காலால் உதைத்தேன். பெருவிரல் வீங்கியிருக்கிறது.

அக்டோபர் 5, வியாழன்

கால் வீக்கம் என்று ஒரு வாரம் போகாமல் இருந்தேன். கால் இரண்டு நாளிலேயே சரியாகிவிட்டது. இன்றைக்குச் சாயந்திரம் எண்ணிக்கை நேரத்துக்குப் போனேன். அறையைத் திறந்து, அரித்த தகட்டை எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்திருந்தார்கள். வேலை சுத்தம். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அப்படியானால் உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் மூச்சு நன்றாக வந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன், எல்லாருக்கும்.

ஐந்து மணிக்கு எண்ணினார்கள். நாற்பத்து மூன்று.

மறுபடி எண்ணச் சொன்னேன். நாற்பத்து மூன்று. நாற்பத்து இரண்டு ஆணியும் நிரம்பிவிட்டது, தட்டில் ஒரு ஸ்பேனர் மிச்சம். அழுக்கு மசகு ஏறிக் கறுத்துப்போன அரையிஞ்சு. உள்ளிருந்து குப்பையை வாரிப் போட்ட தட்டில், மற்றக் கருவிகளோடு கலந்து வந்திருக்கிறது. யார் எடுத்துப் போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை.

"இது நம்முளுது இல்லீங்களே" என்றான் ஒருத்தன்.

அப்புறம் என் வாயிலிருந்து வந்தது இது: "கமாலுதீன், உன்ற கடை ஸ்பேனர்தானே? சொந்தக் கருவி கொண்டுவரக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? மொதல் நாளே பாக்கெட்டுல வச்சிருந்த ஆள்தானே நீ?"

"இல்லீங்க சார். அன்னிக்கோட சரிங்க. அதுக்கப்புறம் ஒரு ஆணிகூட எடுத்துட்டு வரலீங்க."

"பொய் சொல்லாதே. நாளையிலிருந்து வர வேண்டாம்."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, டோக்கனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதமாகக் கூலியில்லாமல் வந்தவர்.

அக்டோபர் 6, வெள்ளி

போகவில்லை. தலைவலி.

அக்டோபர் 9, திங்கள்

கோகிலவாணி வீட்டுக்கே வந்துவிட்டாள். பூவாத்தாள் காபி கொடுத்தாள். அவள் பையிலிருந்து துணியில் சுற்றிய ஸ்பேனரை எடுத்து டீப்பாய்மேல் வைத்தாள். மண்ணெண்ணெயில் கழுவியிருந்தாள்.

"கமாலுதீன் பாய் கடையில இருக்கறதெல்லாம் பத்து, பன்னெண்டு மில்லிமீட்டர் அளவுங்க சார். இது இஞ்ச் அளவு. இந்தக் காலத்து பைக்குக்கு இது ஆகாதுங்க. உங்களுக்கு அது தெரியுமுங்களே" என்றாள்.

தெரியும். பார்த்த உடனே தெரியும்.

பிடியில் எங்கள் பிரிவின் எழுத்தும் எண்ணும் குத்தியிருந்தது. அந்த எழுத்தின் பள்ளத்தில், மசகுக்கு அடியில் தங்கியிருந்த குங்குமம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"யாரோ பூஜை போட்டிருக்காங்க" என்றாள்.

போகும்போது, "ரிஜிஸ்டர்ல அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கேனுங்க சார். சிவப்புப் பேனா உள்ளயே இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளை வாசல் வரை அனுப்பிவிட்டு வந்த பூவாத்தாள் ஸ்பேனரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதுக்காகத்தான் அந்த ஏரோப்ளேனை இந்த ஊருக்குக் கொண்டுட்டு வந்தீங்களாக்கும்" என்றாள்.

"நீ சும்மா இரு."

"ஐம்பது வருஷமா சும்மாதானுங்க இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 11, புதன்

எழுதிவிடுகிறேன்.

1974 ஆயுத பூஜையன்று தென்னாட்டுப் பையன்கள் சேர்ந்து, விமானம் நிறுத்தும் ஹாங்கரின் மூலையில் பூஜை வைத்தோம். எங்கள் பிரிவின் ஸ்பேனர் செட்டைப் பலகையிலிருந்து எடுத்துக் கழுவி, பித்தளைத் தட்டில் அடுக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, பூப்போட்டுச் சிவப்புத் துணியால் மூடினோம். மறுநாள் காலை பூஜை முடியும் வரை தட்டைத் தொடக் கூடாது. நாங்கள் பூஜையில் இருக்கட்டும் என்று கருவி அறையைத் தானே பார்த்துக்கொள்வதாக முன்வந்தவன் தேவசகாயம். வேதக்காரன், அவனுக்குப் பூஜை இல்லை.

மத்தியானம் 317இல் ஒரு குழாய்ப் பட்டை தளர்ந்திருக்கிறது, உடனே முறுக்கு என்றார்கள். அரையிஞ்சு ஸ்பேனர் தட்டில் இருந்தது. துணிக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டு போனேன். பலகையிலிருந்து எடுத்த கருவி இல்லையே, தட்டிலிருந்துதானே, அதனால் டோக்கனை மாட்டவில்லை. என் டோக்கன் 58ஐப் பையில் போட்டுக்கொண்டேன். இருக்கைக்குப் பின்னால் முறுக்கிக்கொண்டிருந்தபோது பாயசம் என்று கூப்பிட்டார்கள். ஓடினேன்.

சாயந்திரம் தேவசகாயம் ரிஜிஸ்டரோடு வந்தான். பலகையில் மிச்சமிருந்ததை எண்ணிவிட்டுத் தட்டுக்கு முன்னால் நின்றான். துணியைத் தூக்கவில்லை. "உங்க சாமி காரியம், நான் தொடப்பிடாது. லேய் சேமலை, தட்டு முழுசா இருக்கா?" என்று கேட்டான்.

"முழுசா இருக்கு" என்றேன்.

என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டான்.

விசாரணையில் அவன் அப்படியே சொன்னான். சேமலை முழுசாக இருக்கிறது என்று சொன்னான், அதனால் போட்டேன் என்று. என்னைக் கேட்டபோதுதான் ஞாபகம் இல்லை என்றேன்.

இன்னும் இருக்கிறது. விபத்துக்கு அப்புறம் எல்லா விமானத்தையும் சோதிக்கச் சொன்னார்கள். 317 என் பொறுப்பு. மூடியைக் கழட்டினேன், டார்ச் அடித்தேன். கையை உள்ளே விடவில்லை. விட்டிருந்தால் கிடைத்திருக்கும். கிடைத்தால் சொல்லியாக வேண்டும். எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மூடிவிட்டேன். அடுத்த வாரமே 317 இறங்கும்போது சக்கரம் மடங்கி அடிபட்டு, பயிற்சிப் பள்ளியில் வேடிக்கைப் பொருளாகப் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த அறையை அப்புறம் எவனும் திறக்கவில்லை. எவனும் திறந்துவிடக் கூடாது என்று இந்த ஊருக்கே கொண்டுவந்து பூட்டி வைத்தேன்.

ஆசிட் ஊற்றியவனையும் ஃப்ளெக்ஸ் கட்டியவனையும் கீறியவனையும் திட்டித் திட்டி இந்த நோட்டை நிரப்பியிருக்கிறேன். அயோக்கியன் நான்தான்.

அக்டோபர் 14, சனி

கமாலுதீன் கடைக்குப் போனேன். ஒரு வண்டியின் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நின்றுகொண்டே, ஸ்பேனர் என்னுடையது, தெரிந்தே உங்கள்மேல் போட்டேன் என்றேன். அவர் சங்கிலியை முழுதாக மாட்டி முடித்தார்.

"எல்லார் முன்னாலயும் சொன்னீங்களே சார்" என்றார் அப்புறம்.

"எல்லார் முன்னாலயும் சொல்றேன். திங்கக்கிழமை வாங்க."

"பாக்கலாங்க" என்றார். வேறென்ன சொல்வார்? அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. என் கோபத்தில் ஒன்றுகூட அப்படி இருந்ததில்லை.

அக்டோபர் 16, திங்கள்

கமாலுதீன் வந்தார். எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னேன், 1974 உட்பட. ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுதினேன்: "இருக்கைக்குப் பின் அறையில் அரையிஞ்சு ஸ்பேனர் ஒன்று. 1974 ஆயுத பூஜையன்று விட்டுவந்தவன் டோக்கன் 58, சேமலையப்பன். எண்ணிக்கை முழுசு என்று சொன்னது பொய். பின்னர் சோதித்தேன் என்று எழுதியதும் பொய்." கையெழுத்துப் போட்டேன். சாவியிலிருந்து பித்தளை வில்லையைக் கழற்றிப் பலகையில் புது ஆணி அடித்து மாட்டினேன்.

சரி என்று எழுதக் கோகிலவாணி பேனாவை எடுத்தாள். "இருங்கம்மா. அதுக்கு வேற ஆள் இருக்குது" என்றேன். அந்தச் சிவப்பு திறந்தே இருக்கிறது.

அக்டோபர் 20, வெள்ளி

ஆணையர் வந்து பார்த்தார். டெண்டர் ரத்தாம். விமானத்தின் முன்னால் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். நான் திட்டவில்லை. திட்ட வேண்டும் போல்தான் இருந்தது.

தேவசகாயத்தை நானாகக் கூப்பிட மூன்று நாளாக ஃபோனைக் கையில் எடுக்கிறேன், வைக்கிறேன்.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூஜை

விமானத்துக்கு அடியிலேயே பூஜை வைத்தோம். நாற்பத்து இரண்டு கருவியும் தட்டில், சந்தனம் குங்குமம் எல்லாம் இட்டு, மேலே துணி. அரையிஞ்சு ஸ்பேனரை நான் கையிலேயே வைத்திருந்தேன். பத்தே காலுக்கு ஃபோன் அடித்தது. பூவாத்தாள் எடுத்து என் கையில் திணித்தாள்.

"லேய் சேமலை! எடுத்துட்டியேடே! பூஜ முடிஞ்சா?" வயசான குரல். ஆனால் அதே குரல்தான்.

"முடிஞ்சுது."

"தட்டு முழுசா இருக்காடே?"

ஒரு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு எல்லாம் போய்விட்டது. "இல்ல தேவசகாயம். அன்னிக்குத் தட்டு முழுசா இல்ல. நான் பொய் சொன்னேன். அரையிஞ்சை 317ல விட்டுட்டு வந்தவன் நான்தான். இந்த மாசந்தான் உள்ளயிருந்து எடுத்தாங்க. இப்ப என்ற கையில இருக்குது."

திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவன் திட்ட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"317லயா?" என்றான். "பிராருக்க விமானத்துல இல்லியா?"

"இல்ல. அதுல ஸ்பேனரே இல்ல."

"அப்பம்... அந்தப் பையன நான் கொல்லல்லியாடே?"

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சொல்லுடே. நான் தட்டத் தூக்கிப் பாக்காததுனால இல்லியா அவன் போனான்? நான் பிராருக்க விமானத்துல எங்கயோ மறந்து வச்சிட்டேன்னுல்லா இருந்தேன்? ஒருவேள தட்டுலயே கெடந்து, நீங்க பொறவு கண்டுபிடிச்சிருப்பியளோன்னு வருசா வருசம் கேக்கேன். நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற."

"நீ கொல்லலே" என்றேன். "நீ எதுவும் பண்ணலே."

ஃபோனை வைக்காமலே அவன் உள்ளே பார்த்துக் கூப்பிடுவது கேட்டது. "ஏ ரோசிலி, இஞ்ச வா பிள்ளே. அந்தப் பையன் சாவுக்குக் காரணம் நான் இல்லியாம். சேமலை சொல்லுகான். நான் இல்லியாம் பிள்ளே." அவன் பெண்சாதி ஓடி வருகிற சத்தம் கேட்டது. அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். என்னை மறந்துவிட்டார்கள். நான் காதில் வைத்தபடியே நின்றேன்.

குத்திக் காட்டுகிறான் என்று நினைத்து நாற்பத்தொன்பது வருடமாக லெட்டரையும் ஃபோனையும் தள்ளினேன். அவன் கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தான். என் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். இந்தப் பாவத்தை எந்த ஆசிட் ஊற்றிக் கழுவுவது?

அடுத்த வாரம் வருகிறானாம். என்னைப் பார்க்க இல்லை, 317ஐப் பார்க்க. அப்படித்தான் சொன்னான். வந்தால் ரிஜிஸ்டரை அவன் முன்னால் வைப்பேன். சரி என்று எழுதுவதும் எழுதாததும் அவன் இஷ்டம்.

சாயந்திரம் ஐந்து மணி எண்ணிக்கை. இன்றைக்குக் கமாலுதீன் முறை. தட்டுக்கு முன்னால் வந்து தயங்கி நின்றார். "உங்க சாமி காரியமாச்சுங்களே சார். எத்தனைன்னு நீங்களே சொல்லிருங்க, எழுதிக்கறேன்" என்றார்.

"துணியைத் தூக்குங்க பாய்" என்றேன். "கையை விட்டு எண்ணுங்க."

ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினார். நாற்பத்து இரண்டு.